வைஃபை உங்க பேர்ல... வம்பு யார் பேர்ல?

பி.இ. முடிச்சாச்சு, அரியர் எல்லாம் க்ளியர், அடுத்து எம்.எஸ். படிக்க ஜெர்மனின்னு பிளானா? குக்கர், இட்லிப்பொடி, பருப்புப்பொடி, அம்மா ஊறுகாய், குளிருக்கு ஜாக்கெட்... எல்லாம் பேக் பண்ணியாச்சா? சூப்பர். பெட்டியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தால் இந்தப் பக்கத்தையும் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊறுகாயைவிட அதிகமாக உதவும்!

2023-24 குளிர்கால செமஸ்டர் கணக்குப்படி, ஜெர்மன் கல்லூரிகளில் படித்த இந்திய மாணவர்கள் சுமார் 49,000 பேர். வெளிநாட்டு மாணவர்களில் நம்ம ஆட்களுக்குத்தான் முதலிடம். அங்கே போகிறவர்களுக்கு விசா பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறது. பிளாக்டு அக்கவுன்ட் பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறது. குப்பையை எந்த கலர் டப்பாவில் போடணும் என்றுகூட சீனியர்கள் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால், வீட்டு இன்டர்நெட் யார் பெயரில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மட்டும், தபால்காரர் வந்து சொல்கிற வரைக்கும் யாரும் சொல்வதில்லை.

தபால்காரரா? ஆமாம் பாஸ். கதையைக் கேளுங்க.

'என் பேர்லயே எடுத்துடலாம்டா!'

சும்மா கற்பனை பண்ணிக்கோங்க. ஆகன் நகரத்தில் ஒரு பழைய அபார்ட்மென்ட். நாலு ரூம், நாலு பேர், ஒரே கிச்சன். அங்கே இதற்கு 'வேகே' என்று பெயர். நம்ம ஊர் பேச்சிலர் மேன்ஷன் மாதிரிதான், பாத்ரூம் க்ளீன் பண்ண டைம்டேபிள் மட்டும் எக்ஸ்ட்ரா. குடி வந்த முதல் வாரமே நெட் கனெக்‌ஷன் வேண்டும். கம்பெனிக்காரன் ஒரே ஒரு பெயரும், ஒரே ஒரு பேங்க் அக்கவுன்டும் கேட்கிறான். கான்ட்ராக்ட் இரண்டு வருஷம். நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்க, 'சரி விடுங்கடா, என் பேர்லயே எடுத்துடலாம்' என்று பெருந்தன்மையாகச் சொன்னது நீங்கள். வைஃபை பாஸ்வேர்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியாச்சு. மாசாமாசம் ஆளுக்குப் பத்து யூரோ வசூல். வாழ்க்கை ஜாலி!

மூன்று மாதம் கழித்து ஒரு தடி கவர். உள்ளே பக்கம் பக்கமாக ஜெர்மன். டிரான்ஸ்லேட்டரில் போட்டுப் பார்த்தால் தலை சுற்றுகிறது. 'இன்ன தேதி, இன்ன மணி, இன்ன நிமிஷம், இன்ன விநாடியில், உங்கள் இணைய இணைப்பிலிருந்து இந்தப் படம் சட்டவிரோதமாகப் பலருக்குப் பகிரப்பட்டது. உடனே இவ்வளவு யூரோ கட்டுங்கள். கூட இருக்கும் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். தவறினால் கோர்ட்.'

அந்த நேரத்தில் நீங்கள் யுனிவர்சிட்டி லேபில் இருந்தீர்கள். உங்களுக்கு அந்தப் படத்தின் பெயரே தெரியாது!

ராத்திரி கிச்சனில் அவசரக் கூட்டம். ஒருத்தன் மட்டும் தலையைக் குனிகிறான். பேர் வேண்டாம், 'மாப்ள' என்றே வைத்துக்கொள்வோம். மாப்ள அங்கே போய் எதையும் புதுசாக டவுன்லோடு பண்ணவில்லை. ஊரில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது இறக்கின படம் அது. அதே லேப்டாப். அதில் டோரன்ட் சாஃப்ட்வேர். லேப்டாப்பை ஆன் பண்ணினால் அதுவும் தானாகவே ஆன் ஆகும். வைஃபை கிடைத்ததும், பழைய படத்தை உலகத்துக்கே விநியோகம் பண்ண ஆரம்பித்துவிட்டது!

இப்போது கேள்வி. படம் மாப்ளயுடையது. லேப்டாப் மாப்ளயுடையது. கனெக்‌ஷன் உங்களுடையது. காசு யார் கட்டணும்?

பந்தியில் உட்கார்ந்தாலே பரிமாறணும்!

முதலில், அவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? டோரன்ட் என்பது ஒரு விசித்திரமான பந்தி. சாப்பிட உட்கார்ந்தால் போதாது. உங்கள் இலையில் விழுந்த ஒவ்வொரு கரண்டியையும் பக்கத்து இலைக்குப் பரிமாறிக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது, டவுன்லோடு நடக்கும்போதே அப்லோடும் நடக்கும். ஃபைல் முழுசாக இறங்கிய பிறகும், நீங்கள் நிறுத்துகிற வரை அப்லோடு போய்க்கொண்டே இருக்கும். சட்டத்தின் பார்வையில் ஒரு படத்தைப் பார்ப்பதைவிட, அதைப் பத்துப் பேருக்குக் கொடுப்பதுதான் பெரிய தப்பு. டோரன்ட்டில் இரண்டும் சேர்ந்தே நடக்கிறது.

பந்தியில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருவரின் ஐ.பி. முகவரியும் பப்ளிக். படக் கம்பெனிக்காக வேலை பார்க்கும் கண்காணிப்பு நிறுவனமும் அதே பந்தியில் வந்து உட்காரும். எந்த முகவரியிலிருந்து எந்தத் துண்டு வந்தது, எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்துக்கொள்ளும்.

ஐ.பி. என்பது வெறும் நம்பர்தானே? அந்த நம்பருக்குப் பின்னால் இருக்கும் பெயர் இன்டர்நெட் கம்பெனியிடம் இருக்கிறது. 2008 செப்டம்பரிலிருந்து ஜெர்மன் காப்புரிமைச் சட்டத்தில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. உரிமையாளர் கோர்ட்டுக்குப் போய் ஆர்டர் வாங்கினால், இன்டர்நெட் கம்பெனி பெயரையும் முகவரியையும் கொடுத்தாகணும்.

இங்கேதான் கவனிக்கணும் பாஸ். கம்பெனி கொடுப்பது படத்தைப் பகிர்ந்தவரின் பெயரை அல்ல. பில் கட்டுகிறவரின் பெயரை! அந்த வீட்டில் யாருடைய லேப்டாப் அது என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் கவர் மேல் உங்கள் பெயர்.

கவருக்குள் என்ன?

இந்த லெட்டருக்கு ஜெர்மனில் 'ஆப்மானுங்' என்று பெயர். எச்சரிக்கை நோட்டீஸ். கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் வக்கீல் மூலம் அனுப்புவது. அதில் இரண்டு விஷயம் இருக்கும்.

ஒன்று, உறுதிமொழி. 'இனிமேல் இப்படி நடக்காது. நடந்தால் அபராதம் கட்டுகிறேன்' என்று கையெழுத்துப் போடச் சொல்வார்கள். பார்க்க சாதாரணமாக இருக்கும். ஆனால் இது வருஷக்கணக்கில் உங்களைக் கட்டிப்போடும் ஒப்பந்தம்.

இரண்டு, பணம். இதிலும் இரண்டு பங்கு. வக்கீல் செலவு ஒரு பங்கு. ஒரு காலத்தில் இதை இஷ்டத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். 2013 அக்டோபரில் வந்த சட்டத் திருத்தம், தனி ஆட்களுக்கு வரும் முதல் நோட்டீஸில் இந்தச் செலவைக் கணக்கிடும் அடிப்படை மதிப்பை 1,000 யூரோவுக்குள் கட்டிப்போட்டது. அதனால் வக்கீல் பங்கு 150 யூரோவை ஒட்டி வந்து நின்றது. ஆனால் நஷ்டஈடு என்கிற இன்னொரு பங்குக்கு இந்தக் கட்டு கிடையாது. 2015 ஜூனில் ஜெர்மனியின் உச்ச சிவில் கோர்ட், பாட்டு ஒன்றுக்கு 200 யூரோ வீதம் 15 பாட்டுக்கு 3,000 யூரோ நஷ்டஈடு சரிதான் என்றது. ஒரு முழுப் படத்துக்குப் பல நூறு யூரோ கேட்பது சகஜம்.

இது எவ்வளவு பெரிய தொகை தெரியுமா? 2024 செப்டம்பரில் நிர்ணயித்த கணக்குப்படி, விசாவுக்காக பிளாக்டு அக்கவுன்டில் காட்ட வேண்டியது வருஷத்துக்கு 11,904 யூரோ. மாசத்துக்கு 992. வாடகை, சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எல்லாம் அதற்குள். அப்பா வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துக் கட்டின பணம். ஒரே ஒரு கவர், ஒரு மாசத்து வாழ்க்கையைச் சாப்பிட்டுவிடும்.

பேர் இருந்தா மாட்டுவோமா?

இந்தக் கேள்விக்கு ஜெர்மன் கோர்ட்டுகள் பத்து வருஷத்துக்கும் மேலாக மல்லுக்கட்டியிருக்கின்றன. சுவாரஸ்யமான கதை, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

2010 மே. ஒருவர் லீவுக்கு வெளியூர் போயிருந்தார். அவர் ஊரில் இல்லாத நேரத்தில் அவர் வைஃபை வழியாக ஒரு பாட்டு பகிரப்பட்டது. அவர் ஊரில் இல்லை என்பதைக் கோர்ட்டே ஒப்புக்கொண்டது. 'ஸோ, நஷ்டஈடு கிடையாது. ஆனால் ரௌட்டரை வாங்கினபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றாமல் அப்படியே விட்டிருக்கிறீர்கள். ஆகவே, இனி நடக்காமல் தடுக்கும் பொறுப்பும், நோட்டீஸ் செலவும் உங்கள் தலையில்' என்றது. தப்பு பண்ணாவிட்டாலும், தப்புக்கு வழி திறந்து வைத்தவர் என்கிற பொறுப்பு. 'ஷ்டோரர்ஹாஃப்டுங்' என்று வாயில் நுழையாத பெயர் அதற்கு. ஜெர்மனியில் காபி ஷாப்காரர்கள்கூட பல வருஷம் ஓப்பன் வைஃபை கொடுக்கத் தயங்கியதற்கு இதுதான் காரணம்.

2012 நவம்பர். 13 வயசுப் பையன் ஒருவனின் கம்ப்யூட்டரில் 1,147 பாட்டுகள் பகிரப்பட்டுக்கொண்டிருந்தன. பெற்றோர்தான் கட்டணுமா? 'இந்த மாதிரி பண்ணக்கூடாதுன்னு பையனுக்குச் சொல்லியிருந்தால் போதும். சந்தேகத்துக்குக் காரணம் இல்லாதபோது, அப்பா அம்மா பின்னாலேயே நின்று வேவு பார்க்க வேண்டியதில்லை' என்றது கோர்ட்.

2014 ஜனவரி. இந்த முறை 20 வயசு வளர்ப்பு மகன். 'அவர் வயசுக்கு வந்தவர். காரணம் இல்லாமல் புத்தி சொல்லவோ, கண்காணிக்கவோ வேண்டிய கடமை குடும்பத்துக்கு இல்லை.'

2016 மே. இது நம்ம கதைக்கு ரொம்பப் பக்கம். ஒரு பெண்மணி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தன் அண்ணன்-தம்பி, அக்கா-தங்கை வழிப் பெண்ணுக்கும் அவர் துணைவருக்கும் வைஃபை பாஸ்வேர்டு கொடுத்தார். அவர்கள் படத்தைப் பகிர்ந்துவிட்டார்கள். 'வயசுக்கு வந்த விருந்தாளிகளுக்கும், ஒரே வீட்டில் தங்கும் ரூம்மேட்டுகளுக்கும், சந்தேகப்படக் காரணம் இல்லாதபோது முன்கூட்டியே பாடம் எடுக்க வேண்டியதில்லை' என்று தீர்ப்பு.

2016 செப்டம்பர். மியூனிக் பக்கத்தில் லைட், சவுண்ட் சிஸ்டம் பிசினஸ் நடத்திய டோபியாஸ் மக்ஃபேடன், கடையில் பாஸ்வேர்டே இல்லாமல் ஓப்பன் வைஃபை வைத்திருந்தார். அதன் வழியாக ஒரு பாட்டு போய்விட, சோனி மியூசிக் பிடித்துக்கொண்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. அது சொன்னது: 'யாரோ பண்ணின தப்புக்கு அவர் நஷ்டஈடு கட்ட வேண்டியதில்லை. ஆனால் பாஸ்வேர்டு போடு, வருகிறவர் யார் என்று தெரிந்துகொண்டு கொடு என்று கோர்ட் உத்தரவு போடலாம்.'

கடைசியில் பார்லிமென்ட்டே இறங்கி வந்தது. 2017 அக்டோபர் 13 முதல் புதுச் சட்டம். வைஃபை கொடுத்தவர், அதை வேறு ஒருவர் தப்பாகப் பயன்படுத்தினார் என்பதற்காக நஷ்டஈடோ, நோட்டீஸ் செலவோ கட்ட வேண்டியதில்லை. 2018 ஜூலையில் உச்ச சிவில் கோர்ட்டும் இந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. உரிமையாளர்கள் அதிகபட்சம் குறிப்பிட்ட விஷயங்களை பிளாக் பண்ணச் சொல்லிக் கேட்கலாம், அவ்வளவுதான்.

அப்பாடா... தப்பிச்சோம்னு துள்ளிக் குதிக்காதீங்க பாஸ். ஒரு 'ஆனால்' இருக்கு!

அந்தப் பெரிய 'ஆனால்'

'வேறு ஒருவர் பண்ணினார்' என்றால்தான் இந்தப் பாதுகாப்பு. பண்ணினது வேறு ஒருவர் என்று கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்? கனெக்‌ஷன் உங்கள் பெயரில் இருந்தால், பண்ணினது நீங்கள்தான் என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். அதை உடைக்க வேண்டிய வேலை உங்களுடையது.

'நான் இல்லைங்க' என்று சொன்னால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் வேறு யார் யார் அந்த நெட்டைப் பயன்படுத்தினார்கள், யாரால் இதைச் செய்திருக்க முடியும் என்று நம்பும்படி சொல்ல வேண்டும். அதற்காக வீட்டில் விசாரித்தும் பார்த்திருக்க வேண்டும். ரூம் ரூமாகப் போய் அடுத்தவர் லேப்டாப்பை நோண்டச் சொல்லவில்லை. கேட்டுப் பார், கேட்டதைச் சொல், அவ்வளவுதான். இதைச் சரியாகச் செய்துவிட்டால், 'நீதான் பண்ணினாய்' என்று நிரூபிக்கும் பாரம் எதிர்த்தரப்புக்குப் போய்விடும். செய்யாவிட்டால்? கட்ட வேண்டியது நீங்கள்.

இதில் ரொம்ப உருக்கமான வழக்கு 2017 மார்ச்சில் வந்தது. பாடகி ரியானாவின் ஒரு ஆல்பம். மியூனிக்கில் ஒரு அப்பா, அம்மா, வயசுக்கு வந்த மூன்று பிள்ளைகள். பகிர்ந்தது மூன்று பேரில் யார் என்று பெற்றோருக்குத் தெரியும். ஆனால், 'எங்கள் பிள்ளையைக் காட்டிக் கொடுக்க மாட்டோம்' என்று வாயைத் திறக்கவில்லை. கோர்ட் என்ன சொன்னது? 'காட்டிக் கொடுக்கச் சொல்லி உங்களை வற்புறுத்தவில்லை. ஆனால் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால், அதன் விளைவு உங்களுடையது.' நஷ்டஈடும் செலவுமாக 3,500 யூரோவுக்கு மேல் அந்தப் பெற்றோர் தலையில் விழுந்தது. அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார்கள். 2019-ல் அங்கேயும் தள்ளுபடி.

நடுவில் 2018 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றமும் ஒரு போடு போட்டது. 'வீட்டில் என் அப்பா அம்மாவும் நெட் யூஸ் பண்ணுவாங்க' என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு, யார், எப்போது, எப்படி என்று எதுவும் சொல்லாமல் ஒருவர் தப்பித்துக்கொள்ள விடக்கூடாது என்றது.

பெற்ற பிள்ளைக்கே இந்த நிலைமை என்றால், மூன்று மாசமாகத் தெரிந்த ரூம்மேட்டுக்கு என்ன சலுகை கிடைக்கும்?

மாப்ளயைப் போட்டுக் கொடுக்கணுமா?

திரும்ப அந்த கிச்சனுக்கு வாங்க. இப்போது உங்களுக்கு உண்மை தெரியும். மாப்ளதான். இனி மூன்று வழி.

வழி ஒன்று: நட்புக்காக நீங்களே கட்டிவிடுவது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால், மறுபடி நடக்கக்கூடாது என்று கட்டுப்பட்டவர் நீங்கள். அதே லேப்டாப் அடுத்த ரூமில்தான் இருக்கிறது. அடுத்த தடவை வம்பு இன்னும் பெரிசு.

வழி இரண்டு: 'யாருமே பண்ணல, எனக்கு ஒண்ணும் தெரியாது' என்று எழுதி அனுப்புவது. யாருமே இல்லை என்றால் மிச்சம் இருப்பது யார்? நீங்கள்தான்! நிறைய பேர் செய்கிற தப்பு இது. தவிர, கோர்ட்டில் பொய் சொல்வது தனிக் குற்றம்.

வழி மூன்று: மாப்ளயே முன்னால் வந்து, 'என் லேப்டாப்தான், நான் பார்த்துக்கறேன்' என்று சொல்வது. சட்டப்படியும் இதுதான் சுத்தமான வழி. நட்புப்படியும் இதுதான். இப்படிச் சொன்னால் அது காட்டிக் கொடுப்பது இல்லை, அவனே சொல்வது. காசு பத்தலைன்னா நாலு பேரும் சேர்ந்து கைமாற்று கொடுக்கலாம். அது நட்பு. தப்பை இன்னொருத்தன் பேரில் எழுதிக்கொள்வது நட்பு இல்லை பாஸ், நல்ல பழக்கமும் இல்லை.

மாப்ள வாயே திறக்கலைன்னா? அப்போது நீங்கள் முடிவு பண்ணித்தான் ஆகணும். மாசம் 992 யூரோவில் ஓடுகிற வாழ்க்கையில், அடுத்தவனுடைய டோரன்ட்டுக்கு உங்கள் அப்பா ஏன் கட்டணும்? இதை அவனிடம் நேராகவே கேளுங்கள். சத்தம் போடாமல், எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தாமல், தனியாகக் கேளுங்கள். பாதி பிரச்னை அங்கேயே முடிந்துவிடும்.

கவர் வந்துட்டா... கவனிங்க!

* பதற வேண்டாம். இது போலீஸ் நோட்டீஸ் இல்லை, வக்கீல் நோட்டீஸ். சிவில் விவகாரம். 'விசா போச்சு, நாளைக்கே ஃப்ளைட்' என்று அம்மாவுக்கு போன் போட்டு அழ வைக்காதீர்கள்.

* தூக்கிப் போடவும் வேண்டாம். அதில் கெடு தேதி இருக்கும். தாண்டினால் கோர்ட் வழி திறக்கும். கோர்ட்டிலிருந்து மஞ்சள் கவரில் பணம் கேட்டு உத்தரவு வந்தால், மறுப்புத் தெரிவிக்க இரண்டே வாரம்தான். அதையும் விட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வசூல் பண்ணிவிடுவார்கள்.

* கூட வந்த உறுதிமொழியில் அப்படியே கையெழுத்துப் போட வேண்டாம். அது அவர்களுக்குச் சாதகமாக எழுதப்பட்டது. தப்பை ஒப்புக்கொண்டு பணம் கட்டுவதாகவும் அதிலேயே எழுதியிருக்கலாம். தேவைப்பட்டால் மாற்றி எழுதிக் கொடுக்க முடியும். தேவையா இல்லையா என்பதைத் தெரிந்தவர் சொல்லட்டும்.

* அந்த வக்கீல் ஆபீஸுக்கு போன் போட்டு, தெரிந்த ஜெர்மனில் கதை சொல்ல வேண்டாம். வாய் தவறி வருவதும் கணக்கில் சேரும்.

* யாரைக் கேட்பது? பல யுனிவர்சிட்டிகளில் 'ஆஸ்டா' என்கிற மாணவர் பேரவை இருக்கிறது. அவர்களில் பலர் இலவச சட்ட ஆலோசனை தருகிறார்கள். நுகர்வோர் மையங்களும் குறைந்த கட்டணத்தில் வழி சொல்கின்றன. ஃபேஸ்புக் குரூப்பில் 'எனக்கும் வந்துச்சு ப்ரோ, கிழிச்சுப் போட்டுட்டேன்' என்று சொல்கிறவர் உங்களுக்காகக் கோர்ட்டுக்கு வரமாட்டார்!

* லெட்டர் நிஜம்தானா என்றும் பாருங்கள். இ-மெயிலில் வந்து, ஸிப் ஃபைலைத் திற என்றால் அது பெரும்பாலும் ஃப்ராடு. 2013 டிசம்பரில், ஒரு வீடியோ தளத்தில் ஸ்ட்ரீமிங் பார்த்ததாகச் சொல்லி ஆயிரக்கணக்கான ஜெர்மானியர்களுக்கு நோட்டீஸ் பறந்தது. பெயர்களைக் கொடுக்க அனுமதித்ததே தப்பு என்று கொலோன் கோர்ட் அடுத்த மாசமே சொன்னது. வந்த லெட்டர் எல்லாம் வேதவாக்கு இல்லை.

'ஸ்ட்ரீமிங்தானே பார்க்கிறேன்?'

இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும்னு தெரியும்! 2017 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் இதையும் தொட்டது. திருட்டு என்று தெரிந்தே ஒரு தளத்தில் ஸ்ட்ரீம் பார்ப்பதும் சட்டம் அனுமதிக்கிற விஷயம் இல்லை என்றது. ஆனால் அங்கே நீங்கள் யாருக்கும் பரிமாறுவதில்லை. பந்தியில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளவும் ஆள் இல்லை. அதனால் நோட்டீஸ் வருவது அபூர்வம். அதற்காக அது சரி என்று அர்த்தம் இல்லை.

இன்னொரு கண்ணி இருக்கு. பார்க்க ஸ்ட்ரீமிங் மாதிரியே இருக்கும் சில ஆப்கள், உள்ளுக்குள் டோரன்ட்டில்தான் ஓடும். 2022-ல் மூடப்பட்ட பாப்கார்ன் டைம் அப்படித்தான். 'நான் டவுன்லோடே பண்ணலையே' என்று சத்தியம் பண்ணின பலருக்குக் கவர் வந்த ரகசியம் இதுதான்.

நம்ம ஊர்ல?

நம்ம ஊர்ச் சட்டம் ஒன்றும் சாது இல்லை. 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவு, தெரிந்தே மீறினால் ஆறு மாசம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம் என்கிறது. ஆனால் இங்கே சினிமாக்காரர்கள் பொதுவாகத் துரத்துவது தளங்களை. 2012-ல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தடை உத்தரவை வைத்து, இன்டர்நெட் கம்பெனிகள் முழு முழு வெப்சைட்டுகளையே பூட்டிவிட்டன. சம்பந்தமே இல்லாத வீடியோ தளங்களும் மாட்டின. பிறகு கோர்ட்டே, குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் தடுத்தால் போதும் என்று விளக்கம் கொடுத்தது.

ஹாஸ்டல் ரூமுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்து பார்த்ததில்லை. அதனால் நமக்கு இது தப்பு என்கிற உறுத்தலும் இல்லை. பிரச்னையே அந்தப் பழக்கம்தான். கை இங்கே பழகுகிறது, மாட்டுவது அங்கே.

அமெரிக்கா போகிறவர்களுக்கும் ஒரு தகவல். 2018 ஆகஸ்ட்டில், 'தி காப்ளர்' என்ற படத்துக்கான வழக்கில் அங்கே ஒரு ஃபெடரல் அப்பீல் கோர்ட், 'ஐ.பி. முகவரி ஒருவர் பெயரில் பதிவாகி இருக்கிறது என்பது மட்டும் அவரைக் குற்றவாளி ஆக்கப் போதாது' என்றது. பலர் வந்துபோகும் ஒரு பராமரிப்பு இல்லத்தின் கனெக்‌ஷன் அது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். பில்லில் இருக்கும் பெயரைத் தேடித்தான் முதல் லெட்டர் வரும் என்பது மட்டும் மாறாது.

ஃப்ளைட் ஏறும் முன்...

ஒண்ணு, லேப்டாப்பில் டோரன்ட் சாஃப்ட்வேர் இருந்தால் தூக்கிவிடுங்கள். க்ளோஸ் பண்ணினால் போதாது, அன்-இன்ஸ்டால்! பழைய போன், டேப்லெட்டையும் ஒரு தடவை பாருங்கள். மாப்ள கதை யாருக்கும் வரலாம்.

ரெண்டு, வேகேயில் நெட் யார் பெயரில் எடுத்தாலும் ஒரே ஒரு பேப்பர் எழுதுங்கள். 'டோரன்ட் கிடையாது. மீறினால் மீறினவர் தானே ஒப்புக்கொண்டு கட்டணும்.' நாலு பேரும் கையெழுத்து, தேதி. சட்டம் இதைக் கட்டாயம் என்று சொல்லவில்லை. ஆனால் பின்னால் கிச்சனில் சண்டை வராது. கோர்ட்டில் கேட்டால் யார் யார் இருந்தார்கள் என்று காட்டவும் உதவும்.

மூணு, யார் எப்போது குடி வந்தார்கள், எப்போது காலி பண்ணினார்கள் என்று குறித்து வையுங்கள். கவர் பல மாதம் கழித்தும் வரும். அப்போது மாப்ள வேறு ஊரில் வேலையில் இருப்பான். உங்கள் கையில் அவன் பழைய நம்பர்கூட இருக்காது.

நாலு, ரௌட்டரில் எல்லா மாடலுக்கும் பொதுவான பாஸ்வேர்டு இருந்தால் மாற்றுங்கள். அந்த ஒரு பெட்டிக்கே தனியாகக் கொடுத்த நீளமான பாஸ்வேர்டு என்றால் பரவாயில்லை என்று 2016 நவம்பரில் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, பார்ட்டிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தாரை வார்க்க வேண்டாம்.

அஞ்சு, நீங்கள்தான் மாப்ள என்றால்... அதாவது கனெக்‌ஷன் வேறு யார் பெயரிலோ இருந்து, நீங்கள் ஓசியில் ஓட்டுகிறவர் என்றால், ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒரு க்ளிக்குக்கு இன்னொரு வீட்டு அப்பா லோன் கட்டிக்கொண்டிருக்கலாம்.

'என் பேர்லயே எடுத்துடலாம்டா' என்று ஒருத்தன் சொல்கிறான் என்றால், அவன் கொடுப்பது வெறும் வைஃபை இல்லை பாஸ். அவன் பெயரை. அதைப் பத்திரமா பார்த்துக்குங்க!